கால் மாத்திரையின் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறையில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளேடும் சின்ன எவர்சில்வர் தட்டும் ஒன்றரை வருஷமாக இருக்கின்றன. ஜிம்மிக்கு மாத்திரை வெட்டுவதற்கு. ஜிம்மி எங்கள் பாமரேனியன் நாய். வயது பதின்மூன்று, எடை ஏழு கிலோ. இதயத்தின் இடப்பக்க வால்வு தளர்ந்து, ரத்தம் பின்னுக்குக் கசிந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் அவனுக்கு. சிறு இன நாய்களுக்கு வயதான காலத்தில் அதிகம் வருவது. காலையில் மூன்று மருந்து, இரவில் இரண்டு.

அந்த மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் தெரிந்துவிடும். ஃப்ரூஸ்மைடு 40 மில்லிகிராம், எனலாப்ரில் 2.5 மில்லிகிராம் இரண்டும் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கியவை. எங்கள் அப்பாவும் கடைசிக் காலத்தில் இவற்றைத்தான் சாப்பிட்டார். மூன்றாவதான பிமோபெண்டன் அட்டையில் மட்டும் ஒரு விலங்கின் தலை அச்சிட்டிருக்கும். மனிதருக்கானது அல்ல, விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும் என்ற வாசகமும் இருக்கும். இந்திய மருந்து விதிகள் கால்நடை மருந்துகளுக்குக் கட்டாயமாக்கிய அடையாளம் அது. மூன்றில் இரண்டு நம்முடையது, ஒன்று அவனுடையது. நீண்ட நாள் நோயோடு வாழும் நாய் பூனை உள்ள பெரும்பாலான வீடுகளில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஆகவே, மனித மருந்தை வளர்ப்புப் பிராணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில், ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது. கேட்க வேண்டியது வேறு. எந்த மருந்து, எந்த உடம்புக்கு, எத்தனை மில்லிகிராம், யார் கணக்குப் போட்டது, கொடுத்த பிறகு யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்த ஐந்துக்கும் விடை இருக்கிற வீட்டில் மனித மருந்து பிராணியின் ஆயுளை நீட்டுகிறது. ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அதே மருந்து கொன்றுவிடக்கூடும்.

மருந்துக்கு மனித மருந்து, விலங்கு மருந்து என்ற பிரிவு உடம்பிலிருந்து வந்ததைவிடச் சந்தையிலிருந்து வந்தது அதிகம். ஒரு மருந்தை நாய்க்கென்று பதிவு செய்ய நாய்களில் தனியாகச் சோதனை நடத்த வேண்டும். பூனைக்கு அதுபோல் இன்னொன்று. விற்பனையோ மனிதச் சந்தையில் சிறு துளி. அதனால் பல நோய்களுக்கு விலங்குகளுக்கென்று பதிவான மருந்தே கிடையாது. கால்நடை மருத்துவர்கள் மனித மருந்தை எடுத்துக் கணக்கிட்டுத் தருகிறார்கள். அமெரிக்காவில் 1994இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பிரிட்டனில் ஒரு படிவரிசை வைத்திருக்கிறார்கள்: அந்த விலங்குக்குப் பதிவான மருந்து முதலில், அது இல்லையென்றால் பிற விலங்குக்குப் பதிவானது, அதுவும் இல்லையென்றால் மனித மருந்து. நம் நாட்டின் மருந்து விதிகளில் பதிவு பெற்ற மருத்துவர் என்ற வரையறைக்குள் கால்நடை மருத்துவரும் வருகிறார். அவர் எழுதிய சீட்டுக்கு மனித மருந்துக்கடையில் மருந்து கொடுக்கலாம்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழியாகவும் நடக்கவில்லை. 1921இல் டொரொண்டோவில் ஆய்வாளர்கள் பேண்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் நீக்கப்பட்ட நாய்களில்தான் இன்சுலினைக் கண்டறிந்தார்கள். மார்ஜரி என்ற பெண்நாய் அந்த ஊசியால் பல வாரம் உயிரோடிருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முதல் மனிதச் சிறுவனுக்கு ஊசி போடப்பட்டது. நாய்கள் நமக்குக் கொடுத்த மருந்தைத்தான் இன்று சர்க்கரை வந்த நாய்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெக்சாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை அமெரிக்க மருந்து நிர்வாகம் பூனைகளுக்கு 2022 டிசம்பரில் அனுமதித்தது. மனிதருக்கு 2023 ஜனவரியில்தான். பூனை ஒரு மாதம் முந்திக்கொண்டது. ஹார்மோன் கோளாறான குஷிங் நோய் வந்த நாய்களுக்குத் தரும் ட்ரைலோஸ்டேன் மனிதருக்காக வந்து, மனிதச் சந்தையில் நிலைக்காமல், நாய்களிடம் நிலைத்த மருந்து.

நம் மண்ணோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. தெருநாய்களின் பிறப்புறுப்பில் பூக்கோசு போலப் புண்ணாக வளர்ந்து ரத்தம் ஒழுகும் தொற்றுக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். இணைசேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு உயிரணுவாகவே ஒட்டும் புற்றுநோய் அது. அதற்கான மருந்து வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுப்பது. வாரம் ஒரு ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்களில் கட்டி முழுவதும் கரைந்துவிடுகிறது. அந்த வின்கிறிஸ்டின் வருவது, நம் வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து.

இதுவரை சொன்னது நம்பிக்கையூட்டும் பக்கம். இனி கணக்கு.

நாயின் எடை ஏழு கிலோ, மனிதரின் எடை எழுபது, ஆகவே பத்தில் ஒரு பங்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். குழந்தைக்குக் குறைத்துக் கொடுப்பதுபோல. இந்த எண்ணம் எவ்வளவு தப்பு என்பதற்குத் தைராய்டு மாத்திரையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. தைராய்டு குறைந்த அறுபது கிலோ பெண்மணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் போதும். அதே குறைபாடு வந்த 25 கிலோ லேப்ரடாருக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், நாளைக்கு இரண்டு வேளை. அதாவது வேளைக்கு 500, நாளைக்கு 1000 மைக்ரோகிராம். பாதி எடைகூட இல்லாத நாய்க்குப் பத்து மடங்கு மருந்து. நாயின் குடல் இந்த மருந்தைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சுகிறது, உறிஞ்சியதையும் உடம்பு வேகமாகக் கழித்துவிடுகிறது. சீட்டைப் பார்க்கும் மருந்துக்கடைக்காரர் திகைப்பது நியாயமே. ஆனால் டாக்டர் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று அவராகவே குறைத்துக் கொடுத்தால் நாய்க்கு வைத்தியம் நடக்கவே நடக்காது. அதனால் இத்தகைய சீட்டில் நாய்க்கு என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

வலிப்புக்கான லெவெடிராசெடமும் இப்படித்தான். மனிதர் இரண்டு வேளை சாப்பிடுகிறார். நாயின் உடம்பு அதை மூன்று நான்கு மணி நேரத்திலேயே பாதியாகக் கழித்துவிடுவதால் சாதாரண மாத்திரை மூன்று வேளை வேண்டும். ஆஸ்பிரினில் எதிர்த் திசை. பூனையின் உடம்பில் அது நாட்கணக்கில் தங்கும். ரத்தம் உறையாமலிருக்கப் பூனைக்கு அதைக் கொடுத்த காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை கொடுத்தார்கள். மனிதர் தினம் விழுங்கும் மாத்திரை பூனைக்கு மூன்று நாள் மாத்திரை. எடையால் வகுத்து எட்ட முடியாத கணக்குகள் இவை.

பூனையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலடிக்கிறதே என்று அன்பால் பாராசிட்டமால் கொடுத்துப் பூனையை இழந்தவர்கள் ஏராளம். நம் கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியை ஒரு சர்க்கரை அமிலத்தோடு இணைத்து, நீரில் கரையவைத்து, சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. இந்த இணைப்பைச் செய்யும் நொதிக்கான மரபணு பூனை இனத்தில் பழுதாகிவிட்டது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, சிங்கம் சிறுத்தை வரைக்கும் அப்படியே. பரம்பரை பரம்பரையாக இறைச்சியை மட்டும் தின்று வாழ்ந்ததால், செடிகொடிகளின் நஞ்சை முறிக்கும் அந்தக் கருவி தேவைப்படாமல் கெட்டுப்போயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இணைக்க வழியில்லாத மருந்து வேறு பாதையில் திரும்பி நச்சுப்பொருளாகிறது. அது சிவப்பணுக்களைத் தாக்க, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பேறுகிறது. ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இரைக்கும்.

ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையை நான்கு கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 125 மில்லிகிராம். அறுபது கிலோ மனிதர் ஒரே மூச்சில் பதினைந்து மாத்திரை விழுங்குவதற்குச் சமம் இது. பூனைக்கோ கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சின் அறிகுறி தெரிந்ததுண்டு. பூனைக்குப் பாராசிட்டமாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை. கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை, குழந்தைகள் சிரப் எதுவும் கூடாது. தப்பித் தவறிக் கொடுத்துவிட்டால் காத்திருக்காமல் உடனே ஓட வேண்டும். என்-அசிடைல் சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. அதுவும் நம் மருந்துக்கடையில் சளி கரைக்க விற்கும் மனித மருந்துதான்.

நாய்க்குப் பாராசிட்டமாலில் ஓரளவு இடமுண்டு. பிரிட்டனில் கோடீன் சேர்த்த பாராசிட்டமால் மாத்திரை நாய்களுக்கென்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த நாய்க்கு இபுப்ரோஃபென் வேறு கதை. இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியும், அளவு கூடினால் சிறுநீரகம் நின்றுவிடும். நம் வீடுகளில் உடம்புவலிக்கு எடுக்கும் மாத்திரைகளில் பல, இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்தவை. நாய்க்கு ஒன்று பகை, பூனைக்கு இரண்டும் பகை. மூட்டுவலியில் நொண்டும் கிழட்டு நாயைப் பார்க்கச் சகிக்காமல் கை முதலில் போவது இந்த அட்டையின் மேல்தான். வயிற்றுப்போக்குக்கு நாம் எடுக்கும் லோபராமைடு பெரும்பாலான நாய்களுக்குப் பொறுத்துப்போகும். கோலி வகை நாய்கள் பலவற்றுக்கு மூளையைத் தாக்கும். மூளைக்குள் மருந்து நுழையாமல் தடுக்கும் காவல் புரதத்தின் மரபணு அவற்றில் பழுது. இதை 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேட்ரினா மீலியின் குழு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை வைத்துக் கண்டுபிடித்தது. ஒரே இனத்துக்குள்கூட உடம்புக்கு உடம்பு வேறுபாடு.

மருந்தைவிட அதோடு சேர்ந்து வருவது கொல்வதும் உண்டு. நரம்பு வலிக்கான கபபெண்டினை இப்போது நாய் பூனைகளுக்கு நிறைய எழுதுகிறார்கள். மாத்திரை வெட்டக் கஷ்டமாயிருக்கிறதே என்று மனிதருக்கான திரவ வடிவத்தை வாங்கினால், சில தயாரிப்புகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருப்பார்கள். நமக்கு அது சர்க்கரை ஏறாத இனிப்பு. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் விழலாம், அளவு கூடினால் கல்லீரலும் போகும். சீட்டில் எழுதியது கபபெண்டின். நாய் விழுந்தது இனிப்பால்.

இன்சுலினில் இடர் ஊசிக்குழலில் இருக்கிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் சாதாரண இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிக் குழல். பூனைகளுக்கு நன்றாக வேலை செய்யும் கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடிக் குழலில் ஒரு யூனிட் கோடுவரை எடுத்தால் உள்ளே ஏறியிருப்பது இரண்டரை யூனிட். வேளைக்கு ஒரு யூனிட் போட வேண்டிய நான்கு கிலோ பூனைக்கு அந்த வித்தியாசம் மயக்கம், வலிப்பு, சில நேரம் சாவு. தாத்தாவுக்கு வாங்கிவைத்த குழல் வீட்டிலிருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாத இடம் இது.

பூனைகளின் சிறுநீரக நோயிலும் ரத்தக் கொதிப்பிலும் மனித மருந்துகள் மிக நன்றாகவே உழைக்கின்றன. அம்லோடிபின் பூனையின் கொதிப்பை இறக்கி, விழித்திரை கழன்று கண் போகாமல் காக்கிறது. டெல்மிசார்டன் பூனைகளுக்கென்றும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு கூடிய பூனைக்கு கார்பிமசோல். இவை நம் தாத்தா பாட்டிகளின் மாத்திரை டப்பாவிலும் இருப்பவை. விலையும் கைக்கடக்கம். மக்கள் மருந்தகங்களிலும் 2025இல் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் பெயரில்லா வகைகள் இன்னும் மலிவு. மாதாமாதம் மருந்து வாங்க வேண்டிய வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. பணமில்லாமல் வைத்தியத்தை நிறுத்துவதைவிட மனித மருந்துக் கடையின் மலிவு மாத்திரை ஆயிரம் மடங்கு மேல்.

சரி, கொல்லாவிட்டால் போதுமா? வேலை செய்கிறதா என்று யார் பார்த்தார்கள்? டிராமடாலை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு தேய்ந்த நாய்களுக்கு உலகெங்கும் வருஷக்கணக்காக எழுதப்பட்ட மனித வலிநிவாரணி. 2018இல் வெளியான ஆய்வொன்றில், மூட்டுவலி நாய்கள் காலை ஊன்றும் அழுத்தத்தைக் கருவியால் அளந்து பார்த்தபோது டிராமடாலுக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை. மனித உடம்பு டிராமடாலை இன்னொரு வீரியமான பொருளாக மாற்றிக்கொள்கிறது. வலியைத் தணிப்பதில் பெரும்பங்கு அதற்கு. நாயின் உடம்பில் அந்தப் பொருள் சொற்பமே உருவாகிறது. பூனை அதை நன்றாக உருவாக்கிக்கொள்ளும். பாராசிட்டமாலில் தோற்ற பூனை இங்கே தேறுகிறது. அத்தனை ஆண்டுகளும் வலி தணியாமல் படுத்திருந்த நாய்களை நினைத்தால் மனசு கனக்கிறது. தூங்குகிறதே, வலி குறைந்துவிட்டது என்று அந்த வீட்டார் நம்பியிருப்பார்கள்.

அந்த நம்பிக்கையும் ஆய்வுக்கு உட்பட்டதுதான். நொண்டும் நாய்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், கருவி அளவில் மாற்றமில்லாதபோதும் வளர்ப்பவர்கள் தேறிவிட்டது என்றார்கள். டாக்டர்களில் பலரும் அப்படியே சொன்னார்கள். மாத்திரை நாய்க்கு, ஆறுதல் நமக்கு. என் கண்ணையும் நான் முழுக்க நம்புவதில்லை.

நம்பத்தகுந்த சோதனைகளும் நடந்திருக்கின்றன. 2015இல் வந்த ஆய்வு, இதய நோயால் பின்னங்கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட பூனைகளில் ஆஸ்பிரினைவிட குளோபிடோக்ரல் மறுஅடைப்பை நன்கு தள்ளிப்போடுவதாகக் காட்டியது. அதன்பின் பூனைகளுக்கு மனிதரின் 75 மில்லிகிராம் மாத்திரையில் கால்பங்கு என்பது வழக்கமாயிற்று. 2016இல் வந்த ஆய்வில் இதயம் பெருத்த 360 நாய்களைப் பின்தொடர்ந்து, பிமோபெண்டன் கொடுத்தால் நோய் முற்றுவது சுமார் பதினைந்து மாதம் தள்ளிப்போவதாகக் கண்டார்கள். நாயின் பதினைந்து மாதம் நம் வயதுக் கணக்கில் பல வருஷம். ஜிம்மி உயிரோடிருப்பதில் அந்த 360 நாய்களுக்கும் பங்குண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

மனித மருந்தை வீட்டில் முயன்று பார்ப்பதன் மிகப் பெரிய கதை பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சி. பூனைகளின் குடலில் சாதுவாக இருக்கும் கொரோனா வைரஸ் சில பூனைகளின் உடம்புக்குள் உருமாறிக் கிளம்பும் நோய் அது. வயிறு நீரால் உப்பும், காய்ச்சல் இறங்காது. வந்தால் சாவுதான் என்று அரை நூற்றாண்டு எழுதிவைத்திருந்தார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பீடர்சன் மாணவராக இருந்த காலந்தொட்டு இந்த நோயைத் துரத்தியவர். 2019இல் அவர் குழு, மனித வைரஸ் நோய்களுக்கான ஆராய்ச்சியில் பிறந்த ஜிஎஸ்-441524 என்ற மருந்தை நோய் வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்த விவரத்தை வெளியிட்டது. ஐந்து பூனைகள் முதல் சில வாரங்களுக்குள் போய்விட்டன. மீதி 26இல் 25, சில மறுசிகிச்சைகளுக்குப் பிறகு, நீண்டநாள் பிழைத்தன. கோவிட் காலத்தில் நாமெல்லாம் பெயர் தெரிந்துகொண்ட ரெம்டெசிவிர், உடம்புக்குள் போனதும் இந்தப் பொருளாகவும் மாறுகிறது.

மருந்து இருந்தது, வாங்க வழி இல்லை. உரிமை வைத்திருந்த நிறுவனம் அதை விலங்கு மருந்தாகக் கொண்டுவரவில்லை. ஆகவே உலகெங்கும் பூனை வளர்ப்போர் சீனாவிலிருந்து வந்த பெயர்ச்சீட்டு நம்ப முடியாத குப்பிகளைக் கள்ளச் சந்தையில் வாங்கி, பூனையை டவலில் சுற்றிப் பிடித்து, தினம் ஒரே நேரத்தில் 84 நாள் தாங்களே ஊசி போட்டார்கள். அமிலத்தன்மை உள்ள அந்த ஊசி எரியும், பூனை கத்தும், போட்ட இடம் புண்ணாகும். மருத்துவர்கள் பலர் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள். இருந்தும் பூனைகள் பிழைத்தன, ஆயிரக்கணக்கில். 2021 வாக்கில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முறையான வழி திறந்தது. அமெரிக்காவில் 2024 ஜூனில். 2023இல் சைப்ரஸ் தீவில் இந்நோயின் ஒரு புதுவகை பரவிப் பூனைகள் கும்பலாகச் செத்தபோது, மனிதருக்கென்று வாங்கி எஞ்சியிருந்த கோவிட் மாத்திரைகளை, மோல்னுபிராவிரை, பூனைகளுக்குக் கொடுக்க அந்நாட்டு அரசே அனுமதித்தது.

இந்தக் கதையைச் சொல்லி, பார், துணிந்து கொடுத்தவர்கள் ஜெயித்தார்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கையில் பீடர்சனின் அளவு இருந்தது. எடை ஏறஏற மருந்தைக் கூட்டினார்கள். தினம் காய்ச்சல் பார்த்தார்கள், எடை போட்டார்கள், மாதமொருமுறை ரத்தம் எடுத்தார்கள், எல்லாவற்றையும் எழுதிவைத்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள். குப்பியில் என்ன இருந்தது என்பதே சந்தேகமாயிருந்தும் அந்தக் குறிப்புகள்தான் காப்பாற்றின. அதே சமயம் ஒதுங்கிய மருத்துவர்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. வீட்டில் முயலப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, நான் எழுதித் தர முடியாது, ஆனால் ரத்தம் பார்த்துச் சொல்கிறேன் என்று கூட நிற்பது வைத்திய தர்மம்தானே. அப்படி நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களால் பிழைத்த பூனைகள் அதிகம்.

மாட்டுக்குக் கொடுத்த மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்த கதையையும் இங்கே சேர்க்கத் தோன்றுகிறது. மனிதரின் மூட்டுவலிக்கான டைக்ளோஃபினாக் மாடுகளுக்குப் போடப்பட்டது. அந்த மாடு செத்தால் தின்ற கழுகின் சிறுநீரகம் நின்றது. 2004இல் காரணம் கண்டறியப்படுவதற்குள் இந்தியத் துணைக்கண்டத்தில் சில கழுகினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் மறைந்துவிட்டன. 2006இல் கால்நடை டைக்ளோஃபினாக் தடையானது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த வழக்கை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் வட்டமிடும் கழுகுகளுக்கு அந்தத் தீர்ப்பு உயிர்ப்பிச்சை. ஒரு விலங்குக்குக் கொடுக்கும் மருந்து அதன் உடம்போடு முடிந்துவிடுவதில்லை.

இனி என் வீட்டில் நடந்தது. சென்ற ஆண்டு ஒரு மாலை ஃப்ரூஸ்மைடு தீர்ந்து, ஒரு மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டிக் கேட்டேன். இருப்பில்லை, இது அதேதான் என்று பெயர் கிட்டத்தட்ட ஒத்த இன்னொன்றைக் கொடுத்தார்கள். நானும் வாங்கிவந்து வழக்கம்போல் நாலாக வெட்டிக் கொடுத்தேன். அதில் ஃப்ரூஸ்மைடு 40 இல்லை, 20தான். கூடவே ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு மருந்தும் இருந்தது. கால் மாத்திரையில் ஜிம்மிக்குப் போய்ச் சேர்ந்தது 10க்குப் பதில் 5 மில்லிகிராம். எனக்குத் தெரியாது.

தெரிவித்தது நோட்டு. இதய நோய் உள்ள நாய் தூங்கும்போது மூச்சை எண்ணி நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தார் எங்கள் டாக்டர். விலா எழுந்து இறங்கினால் ஒன்று; அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நல்லது, தாண்டினால் கூப்பிட வேண்டும். ஜிம்மி எப்போதும் 22, 24. அந்த வாரம் 26, 30, மறுநாள் 38. இருமல்கூட வரவில்லை, சாப்பாடும் குறையவில்லை. எண் மட்டும் ஏறியது. அட்டையைப் படமெடுத்து அனுப்பியதும் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். எனலாப்ரில் சாப்பிடும் நாய்க்கு இந்தக் கூட்டு மருந்தால் பொட்டாசியம் ஏறலாம் என்று ரத்தம் பார்க்கச் சொன்னார்; நல்லவேளையாக ஏறவில்லை. பழைய மாத்திரைக்குத் திரும்பிய மூன்றாம் இரவு 24.

மருந்து மாறாவிட்டாலும் கொடுக்கும் விதத்தில் பிசகலாம். பிமோபெண்டனைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் வெறும் வயிற்றில் தர வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளினைப் பூனைக்கு வறட்டு மாத்திரையாக விழுங்கவைத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டி அரித்துக் குழாயே சுருங்கிவிடலாம். பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் புகட்ட வேண்டும். மாத்திரையைச் சாம்பார் சாதத்தில் மறைத்துக் கொடுக்கிறோம். அதிலுள்ள வெங்காயம் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைப்பது. இட்லியோ வேகவைத்த முட்டையோ போதும்.

என் நோட்டில் ஆறு பத்தி: தேதி, மருந்தின் வேதிப்பெயர், மில்லிகிராம், கொடுத்த நேரம், எடை, இரவு மூச்சு. வணிகப்பெயர் எழுதுவதை அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன். புதிய அட்டை வாங்கினால் பிளேடை எடுக்கும் முன் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன். ஒவ்வொரு முறை வைத்தியத்துக்குப் போகும்போதும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன் நோட்டைத்தான் கேட்கிறார்.

நேற்று இரவு பத்தே கால். மின்விசிறிச் சத்தத்தில் ஜிம்மி பக்கவாட்டில் படுத்து, முன்காலை மூக்கின் மேல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அரை நிமிஷத்தில் பன்னிரண்டு. 24 என்று எழுதி மூடினேன்.